இடது பக்கம் திரும்பினால் நெஞ்சு தடதடக்கிறது, எப்படிப் படுப்பது?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 43 வயது. காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். மாங்காய் சீசனில் மட்டும் மாங்கூழ் கம்பெனிக்கு வேலைக்குப் போவேன். மூன்று மாதமாக ராத்திரி படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. இடது பக்கம் திரும்பினால் காதுக்குள்ளேயே டக் டக் என்று கேட்கிறது. சில நேரம் ஒரு துடிப்பு நின்றுபோய், அடுத்தது தூக்கிப் போடுகிறது. எழுந்து திண்ணையில் போய் உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். கிளினிக்கில் ஈசிஜி எடுத்துப் பார்த்து, ‘நார்மல், டென்ஷன் ஆகாதீங்க’ என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் போட்டேன், பயந்து நிறுத்திவிட்டேன். இடது பக்கம் படுத்தால் இதயம் நசுங்கும் என்கிறார் மாமியார். யூடியூபில் இடது பக்கம்தான் நல்லது என்கிறார்கள். வடக்கே தலை வைத்ததுதான் காரணம் என்று நாத்தனார் கட்டிலையே திருப்பிப் போட்டுவிட்டார். நான் எப்படித்தான் படுப்பது? இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆறு மாதமாக மாதவிலக்கு அதிகமாகப் போகிறது, எட்டு ஒன்பது நாள் ஆகிறது. தண்ணீர்க் குடத்தோடு நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. டீ ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு குடிப்பேன். வேறு கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: வணக்கம் அம்மா. இன்றைக்கு ராத்திரிக்கு என்ன வழி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதைப் பிறகு நிதானமாகப் பேசலாம். பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

வலது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். தலை மட்டும் உயராமல், தோளிலிருந்தே கொஞ்சம் ஏற்றமாக இருக்கட்டும். இரண்டு தலையணையை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், காலையில் பிடரி பிடித்துக்கொள்ளும். கம்பளியையோ பழைய போர்வையையோ மடித்து, முதுகின் மேல்பாதியிலிருந்து தலை வரைக்கும் சரிவாக வரும்படி போட்டு, அதன் மேல் ஒரு தலையணை வையுங்கள். கட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது மரக்கட்டிலோ இரும்புக் கட்டிலோ என்றால் இன்னும் சுலபம். தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் செங்கல்லைப் படுக்கைவாட்டில் இரண்டிரண்டாகக் கொடுங்கள், ஏறக்குறைய அரை அடி உயரம் கிடைக்கும். கட்டில் ஆடுகிறதா என்று உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்புறம் படுங்கள். நூல் கட்டில் என்றால் நடுவில் தொய்ந்து உடம்பு வில்லாக வளைந்துவிடும், அதற்குத் தரையில் பாய் விரித்துப் படுப்பதே மேல்.

முழங்கால்களுக்கு நடுவில் சுருட்டிய புடவை ஒன்றை வைத்துக்கொண்டால் இடுப்பு வலிக்காது. மார்போடு ஒரு சின்னத் தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள், தூக்கத்தில் குப்புறக் கவிழ்வதை அது தடுக்கும். குப்புறப் படுத்தால் நெஞ்சு அழுந்தி ஒவ்வொரு துடிப்பும் பாயில் மோதுவது மாதிரி இருக்கும். மல்லாந்து படுப்பது சிலருக்குச் சரிப்படும், சிலருக்குப் படபடப்பு கூடும். இரண்டு நாள் படுத்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம். இதற்கென்று சட்டம் ஒன்றும் கிடையாது.

இடது பக்கம் ஏன் அப்படி? இதயம் நடுநெஞ்சில் இருந்தாலும் அதன் நுனி இடது பக்கம் சாய்ந்திருக்கும், இடது மார்புக்குக் கீழே ஐந்தாவது விலா இடுக்கு வரைக்கும். நீங்கள் இடது பக்கம் திரும்பும்போது அது அந்தப் பக்கமே சரிந்து விலா எலும்புச் சுவரை ஒட்டிக்கொள்கிறது. அடிக்கிற அடி நேராகச் சுவரில் விழுகிறது. நாங்களே இதைப் பயன்படுத்திக்கொள்கிறோம். இதயத்தின் சில மெல்லிய சத்தங்கள் ஸ்டெதாஸ்கோப்பில் சரியாகப் பிடிபடாவிட்டால், ‘கொஞ்சம் இடது பக்கம் திரும்பிப் படுங்கம்மா’ என்போம். எனக்குத் தெளிவாகக் கேட்பதற்காக நான் உங்களைத் திருப்புகிற அதே பக்கம் நீங்களே திரும்பிப் படுத்துக்கொண்டு, கேட்கிறதே என்று பயப்படுகிறீர்கள்.

காதில் கேட்கும் டக் டக்கும் இதே சங்கதிதான். காதைத் தலையணையில் அழுத்திப் படுத்தால் அந்தப் பக்கத்து ரத்தக்குழாயின் துடிப்பே காதுக்குள் கேட்கும். பகலில் உங்கள் தையல் மெஷின் ஓடும் சத்தத்தில் இதெல்லாம் எங்கே கேட்கப்போகிறது? ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஊர் அடங்கினால்தான் தெரியும். ஒரு நாளைக்கு இதயம் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. அத்தனையும் காதில் விழுந்துகொண்டிருந்தால் யாராலும் தூங்க முடியாது.

நசுங்குமா என்று கேட்டால், நசுங்காது. விலா எலும்புக் கூண்டுக்குள், இரண்டு நுரையீரலுக்கு நடுவில், தனியாக ஒரு பையில் பத்திரமாக இருக்கிறது. உங்கள் மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். வடக்கு விஷயத்தில் உங்கள் நாத்தனாரோடு நான் சண்டைக்கு வரவில்லை. இதயத்துக்குத் திசை தெரியாது. ஆனால் ‘மரணம் வடக்கு’ என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவருக்கு வடக்கே தலை வைத்தால் மனது உறுத்தும், உறுத்தினால் தூக்கம் வராது. கட்டில் திரும்பியது திரும்பியதாகவே இருக்கட்டும், நஷ்டம் ஒன்றுமில்லை.

யூடியூபில் சொன்னதும் முழுக்கத் தப்பில்லை. நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் உள்ளவர்களுக்கு இடது பக்கம் படுப்பதே நல்லது. இரைப்பையின் அமைப்பு அப்படி, இடது பக்கம் படுக்கும்போது அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறுவது குறையும். நிறைமாதக் கர்ப்பிணிகளையும் இடது பக்கம்தான் படுக்கச் சொல்வோம், கருப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தாமல் இருக்க. ஒருவருக்குச் சொன்ன யோசனையை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்வதில்தான் குழப்பமே வருகிறது. உங்களுக்கு எரிச்சலும் சேர்ந்து இருந்தால் கட்டில் காலுக்குச் செங்கல் வைப்பது இரண்டுக்கும் உதவும். சாப்பாட்டை மட்டும் முன்னால் தள்ளுங்கள். கம்பெனி ஷிஃப்ட் முடிந்து வந்து பத்து மணிக்குக் களியும் குழம்புமாக ஒரு கை பார்த்துவிட்டுப் பத்தரைக்குப் படுத்தால், முட்டிக்கொண்டு நிற்கும் வயிறு நெஞ்சையும் சும்மா விடாது. படுப்பதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்னால் சாப்பிட்டுவிடுங்கள். முடியாத நாளில் அளவைப் பாதியாக்குங்கள்.

‘ஒரு துடிப்பு நின்று, அடுத்தது தூக்கிப் போடுகிறது’ என்று எழுதியிருந்தீர்களே, அதை இரண்டு தடவை படித்தேன். அவ்வளவு சரியாக எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் துடிப்பு நிற்பதில்லை. ஒரு துடிப்பு முறை தவறி முன்கூட்டியே வந்துவிடுகிறது. அடிபம்பு அடித்திருப்பீர்கள். கைப்பிடி முழுக்க மேலே போவதற்குள் அவசரமாக ஒரு அடி அடித்தால் தண்ணீர் கொஞ்சமாகத்தான் வரும். கொஞ்சம் நிறுத்தி அடுத்த அடி அடித்தால் பீறிட்டுக் கொட்டும். இங்கேயும் அப்படித்தான். முந்திக்கொண்ட துடிப்பில் ரத்தம் குறைவு, அதனால் அது உங்களுக்குத் தெரிவதே இல்லை. பிறகு ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் இதயம் வழக்கத்தைவிட அதிகமாக நிரம்பி, அடுத்த துடிப்பு பலமாக வருகிறது. அதைத்தான் தூக்கிப் போட்டது என்கிறீர்கள். இதய நோய் எதுவுமே இல்லாதவர்களுக்கும் இது வரும். ஓய்வில் துடிப்பு மெதுவாகும்போது, அதாவது படுத்த பிறகு, இன்னும் நன்றாகத் தெரியும்.

சரி, எப்படிப் படுப்பது என்ற கேள்வி இத்தோடு முடிந்தது. ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசி நாலு வரி. கூச்சமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் எழுதிய வரிகள்.

எட்டு ஒன்பது நாள் போக்கு, ஆறு மாதமாக. நாலு படிக்கு மூச்சு வாங்குகிறது. மூன்று மாதமாகப் படபடப்பு. இந்த மூன்றும் ஒரே பெண்ணுக்கு இருந்தால் நான் முதலில் பார்ப்பது அவருடைய கண் இமையின் உள்பக்கம். நீங்களும் கண்ணாடி முன்னால் நின்று கீழ் இமையை விரலால் இழுத்துப் பாருங்கள். உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறி, வெந்த கோழிக்கறி மாதிரி இருந்தால் ரத்தசோகை என்ற சந்தேகம் பலமாகிறது. இன்னொரு கேள்வி, கூச்சப்படாமல் உங்களுக்குள்ளேயே பதில் சொல்லுங்கள். அரிசி டிரம் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு பிடி பச்சரிசி எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறீர்களா? விபூதி, சிலேட்டுக்குச்சி, ஐஸ் கட்டி என்று எதன் மேலாவது ஆசை வருகிறதா? இரும்புச்சத்து குறைந்தவர்களிடம் இந்த விநோத ஆசையை அடிக்கடி பார்க்கிறேன். கேட்டால் சிரித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். அந்தச் சிரிப்பிலேயே பாதி தெரிந்துவிடும்.

ரத்தசோகைக்கும் படபடப்புக்கும் என்ன சம்பந்தம் என்றால், ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். சுமக்கிற ஆள் குறைந்தால், இருக்கிற ஆட்கள் அதிக நடை நடந்தாக வேண்டும். அதற்காக இதயம் வேகமாக ஓடுகிறது. குடம் தூக்கும்போது இன்னும் வேகமாக ஓடுகிறது, அப்போது மூச்சு வாங்குகிறது. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்று கணக்கு. 7, 8 வைத்துக்கொண்டு பூப்பறிக்கப் போய்க்கொண்டும் சமைத்துக்கொண்டும் இருக்கிற பெண்களை நான் வாராவாரம் பார்க்கிறேன். மெதுவாகக் குறைந்தால் உடம்பு பழகிக்கொள்கிறது. ராத்திரி படுக்கும்போதுதான் நெஞ்சு தன் கணக்கைச் சொல்கிறது.

உங்களுக்கு ரத்தசோகைதான் என்று கடிதத்தைப் பார்த்து நான் முடிவு கட்டவில்லை. ஆனால் ரத்தப் பரிசோதனை செய்யாமல் தூக்க மாத்திரைக்குப் போனது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஹீமோகுளோபின் பார்க்கலாம், அதற்காக சேலத்துக்கோ பெங்களூருக்கோ போக வேண்டியதில்லை. தைராய்டு பரிசோதனையான டிஎஸ்எச்சும் வேண்டும், தைராய்டு கூடினாலும் படபடக்கும். சர்க்கரை, பொட்டாசியம் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டால் நல்லது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் தொடங்கியது. அதில் வீட்டுக்கு வருகிற பெண் பணியாளர் உங்கள் தெருவுக்கும் வருகிறார் என்றால், அவரைப் பிடித்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாமியாருக்கு மாத்திரை கொடுக்க வரும்போது நீங்களும் கையை நீட்டலாம், தப்பில்லை.

ரத்தம் குறைவு என்று தெரிந்தால் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். அதை எப்படிப் போடுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டீயோடு போடக் கூடாது. டீயில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்பை உடம்பில் சேரவிடாது. பாலும் அப்படித்தான். எலுமிச்சைத் தண்ணீரோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயந்து நிறுத்தாதீர்கள். குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் ஏறக்குறைய மூன்று மாதம் தொடர வேண்டும், காலியான குதிர் நிரம்ப வேண்டுமல்லவா? ‘நான் தினமும் களி சாப்பிடுகிறேன், எனக்கெப்படி ரத்தம் குறையும்’ என்று கேட்பார்கள் நம் ஊர்ப் பெண்கள். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்துதான் அபாரம். இரும்பும் இருக்கிறது, ஆனால் அதிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். மாதாமாதம் இப்படிப் போகிறதை களியும் முருங்கைக்கீரையும் மட்டும் ஈடுகட்டாது.

மாத்திரையோடு விட்டுவிடவும் கூடாது. தொட்டியில் ஓட்டை இருக்கும்போது மேலே ஊற்றிக்கொண்டே இருந்து என்ன பயன்? 43 வயதில் இப்படி அதிகமாகப் போவதற்கு ஹார்மோன் மாற்றம் காரணமாக இருக்கலாம், கருப்பையில் நார்க்கட்டி இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். பெண்கள் நல மருத்துவரிடம் போய் ஒரு ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ‘நிற்கிற வயசு வந்துடுச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்று பக்கத்து வீட்டில் சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

இப்போது ஈசிஜி. சாதாரண ஈசிஜி தாளில் பதிவாவது பத்து விநாடி இதயத்துடிப்பு. நீங்கள் போனது பகலில், படபடப்பு வருவது ராத்திரியில். ஆகவே ‘நார்மல்’ என்பது அந்தப் பத்து விநாடிக்கு நார்மல். அது பொய் இல்லை, ஆறுதலான செய்திதான், ஆனால் முழுக்கதை இல்லை. படபடப்பு அடிக்கடி வருகிறது என்றால் 24 மணி நேரம் இடுப்பில் கட்டிக்கொண்டு பதிவு செய்யும் ஹோல்டர் என்ற கருவி இருக்கிறது. அது வேண்டுமா என்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்வதற்கு நீங்களும் கொஞ்சம் உதவலாம். அடுத்த முறை நெஞ்சு அடிக்கும்போது நாடியை எண்ணுங்கள்.

திண்ணையில் உட்காருங்கள். இடது உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பி மடியில் வையுங்கள். வலது கையின் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் இடது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக ஒரு விரல் தள்ளி, எலும்புக்கும் நரம்புக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் மெதுவாக வையுங்கள். ரொம்ப அழுத்தினால் நாடி மறைந்துவிடும். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது, அதற்கே சொந்தத் துடிப்பு உண்டு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். தையல் அளவு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி, மணி, எண்ணிக்கை, ஒரே சீராக இருந்ததா விட்டுவிட்டு வந்ததா, எத்தனை நிமிடத்தில் அடங்கியது, அன்று சாயங்காலம் எத்தனை டீ, இவ்வளவும் எழுதிவையுங்கள். ஓய்வில் 60-லிருந்து 100 வரை இருப்பது வழக்கம். நோட்டைப் பார்க்கிற டாக்டருக்கு அந்தப் பக்கம் பத்து நிமிடப் பேச்சை மிச்சப்படுத்தும்.

எண்ணிக்கை மட்டும் முக்கியமில்லை, எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பதும் வேண்டும். சுவிட்ச் போட்ட மாதிரி திடீரென்று 150, 160 என்று ஓடி, சுவிட்ச் அணைத்த மாதிரி திடீரென்று நின்றால் அது வேறு வகை. அதற்குத் தனி வைத்தியம் உண்டு. தாளமே இல்லாமல் கன்னாபின்னாவென்று ஓடினால் அது இன்னொரு வகை. அதைக் கவனிக்காமல் விட்டால் இதயத்தில் ரத்தம் உறைந்து, கட்டி மூளைக்குப் போய் பக்கவாதம் வரக்கூடும். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து நாள்கணக்கில் படுத்திருந்தீர்களா என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். அந்தக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிட்டு, பல வருடம் கழித்துப் படபடப்பாகத் தலைகாட்டும். இருந்திருந்தால் எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன், எடுக்காமல் விடக் கூடாது.

ஒரு பழைய கதை சொல்கிறேன். பல வருடத்துக்கு முன்னால் பர்கூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார், மாந்தோப்புக் காவல்காரர். படபடப்பு, தூக்கம் வரவில்லை என்றார். நாடி பார்த்தேன், பிரஷர் பார்த்தேன், பீடியை விடச் சொன்னேன், எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். வாசல் வரைக்கும் போன அவர் மனைவி திரும்பி வந்து, ‘இவுரு ரெண்டு மாசமா செவுத்துல சாஞ்சிதாங்க தூங்கறாரு’ என்றார். கூப்பிட்டு உட்கார வைத்து, வேட்டியைக் கொஞ்சம் விலக்கி முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது. இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்திருந்தது. ‘எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்’ என்ற ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. அந்த அம்மா திரும்பி வராமல் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பதுண்டு. அதற்குப் பிறகு யார் படபடப்பு என்று வந்தாலும் தலையணைக் கணக்கு கேட்காமல் அனுப்புவதில்லை.

அதனால் உங்களையும் கேட்கிறேன். திண்ணைக்கு எழுந்து போகிறீர்களே, அது துடிப்பு தொந்தரவு செய்வதாலா, மூச்சு முட்டுவதாலா? துடிப்புக்காக என்றால் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். நேராகப் படுத்தாலே மூச்சு திணறுகிறது, நடு ராத்திரியில் மூச்சுக்குத் தவித்து எழுந்து உட்காருகிறீர்கள், கால் வீங்குகிறது என்றால் எந்தப் பக்கம் படுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது, அடுத்த நாளே டாக்டரைப் பாருங்கள். படபடப்போடு மயக்கம் வந்து விழுந்தால், நெஞ்சு வலித்தால், வியர்த்துக் கொட்டி மூச்சு திணறினால், ஓய்வில் இருந்தும் 120-க்கு மேல் ஓடிக்கொண்டே இருந்து அடங்காவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். உங்கள் ரத்த சொந்தத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தால் அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

டீக்கு வருகிறேன். வேறு கெட்ட பழக்கம் கிடையாது என்று எழுதியதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், டீயை நீங்களே அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்த டீயின் கஃபீனில் பாதி ராத்திரி பதினொன்றுக்கும் உடம்பில் இருக்கும். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி மண்டையைப் பிளக்கும், அதனால் வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்து இரண்டில் கொண்டுவந்து நிறுத்துங்கள். நாலு மணிக்கு மேல் வேண்டாம். துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களுக்கு டீ போடும்போது உங்களுக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக்கொள்வீர்கள், அங்கேதான் கணக்கு ஏறுகிறது. அவர்களுக்கு ஊற்றிவிட்டு நீங்கள் மோர் குடியுங்கள்.

மருந்துக் கடையில் சளிக்கு, மூக்கடைப்புக்கு என்று வாங்கும் மாத்திரைகள் சிலவும் படபடப்பைக் கிளப்பும். இழுப்புக்கு எடுக்கும் இன்ஹேலரும் அப்படியே. சர்க்கரை மாத்திரை போடுகிறவருக்கு ராத்திரி சர்க்கரை இறங்கினாலும் கை நடுங்கி, வியர்த்து, நெஞ்சு அடிக்கும். டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கிற அட்டைகளை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போங்கள். அந்தத் தூக்க மாத்திரையையும் சேர்த்துத்தான். அதை நீங்களாகத் தொடர வேண்டாம். பழகிவிட்டால் விடுவது கஷ்டம். குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு அது ஆபத்தும்கூட. நீங்கள் குறட்டை விடுகிறீர்களா என்று உங்கள் வீட்டுக்காரரைக் கேளுங்கள், அவரிடமிருந்து உண்மை வரும்.

டென்ஷன் என்று அவர்கள் சொன்னதில் ஒரு பகுதி உண்மை உண்டு. துடிப்பைக் கேட்கிறோம், பயப்படுகிறோம், பயத்தில் அட்ரினலின் சுரக்கிறது, துடிப்பு கூடுகிறது, அதையும் கேட்கிறோம். இந்தச் சுழலை வெட்ட, நாலு எண்ணி மூக்கால் இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக வாயால் விடுங்கள், ஐந்து நிமிடம். திண்ணையில் உட்காருவது நல்ல பழக்கம்தான், ஒரு டம்ளர் தண்ணீரும் குடியுங்கள். போனை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். ராத்திரி ஒரு மணிக்கு ‘இதயத் துடிப்பு ஆபத்தா’ என்று தேடினால் எந்த நெஞ்சும் அடங்காது. ஆனால் முதலில் ரத்தத்தைப் பார்த்து, உடம்பில் காரணம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் டென்ஷன் என்ற பேச்சுக்கு வர வேண்டும்.

ரிப்போர்ட் வந்ததும் ஹீமோகுளோபின் எவ்வளவு, டிஎஸ்எச் எவ்வளவு என்று எழுதி அனுப்புங்கள். ரத்தம் ஏறிப் படபடப்பு அடங்கிய பிறகு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பிப் படுக்கலாம், இடது பக்கமும் சேர்த்துத்தான். செங்கல்லை மட்டும் உடனே எடுக்க வேண்டாம், சீசனில் வேலை முடிந்து நேரங்கழித்துச் சாப்பிடுகிற ராத்திரிகளுக்கு அது இருக்கட்டும்.